கேமராவின் வரலாறு 2010இல் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்படத் தொழில்நுட்பம் பற்றி அண்மையில் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இன்று நம் படங்கள் பலவும் எடுக்கப்படும் அலெக்ஸா கேமராவைப் பற்றியும், அதைத் தயாரிக்கும் ஜெர்மனியின் ஆரி நிறுவனத்தைப் பற்றியும் ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்த நிறுவனத்தின் கதையை 2010இல் தொடங்கியிருப்பதையும், கேமரா ஒளிப்பதிவாளரின் தோளுக்கு வந்ததே டிஜிட்டலின் வரவால்தான் என்று எழுதியிருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அவுட்டோர் யூனிட்டில் ஒளிப்பதிவு உதவியாளராகப் பல்லாண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த மாற்றம் நிகழ்ந்த ஆண்டு 1937. அதை நிகழ்த்தியது, நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழலும் ஒரு சிறிய கண்ணாடி.

நிறுவனத்தின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு செப்டம்பரில், இருபது வயதைக்கூட எட்டாத ஆகஸ்ட் ஆர்னால்ட், ராபர்ட் ரிக்டர் என்ற இரு நண்பர்கள் மியூனிக் நகரத்தின் ட்யூர்க்கன் தெருவில், முன்பு செருப்புத் தைக்கும் கடையாக இருந்த ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து, ஒரு கடைசல் இயந்திரத்தோடு தொழிலைத் தொடங்கினார்கள். இருவர் பெயரின் முதல் ஈரெழுத்துகளைச் சேர்த்ததே ஆரி என்ற பெயர். முதலில் அவர்கள் செய்தது கேமரா அல்ல, ஃபிலிமைப் பிரதி எடுக்கும் பிரிண்டிங் இயந்திரம். கினாரி 35 என்ற அவர்களது முதல் கேமரா 1924இல்தான் வந்தது. கையால் சுற்றி இயக்கும் சிறிய கருவி அது. முப்பது மீட்டர் ஃபிலிம்தான் கொள்ளும். அதன் பதினாறு மில்லிமீட்டர் வடிவம் 1928இல் வெளிவந்தது. இவற்றைக் காட்டிலும் முக்கியமானது, ஆர்னால்டும் ரிக்டரும் தாங்களே கேமராவைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கப் போனவர்கள் என்பது. விளக்கு செய்தார்கள், ஃபிலிம் கழுவும் ஆய்வகம் நடத்தினார்கள், கருவிகளை வாடகைக்கு விட்டார்கள். படப்பிடிப்புத் தளத்தில் எது கையைக் கடிக்கும், எது கண்ணைக் கட்டும் என்பதை அவர்களுக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கண்ணைக் கட்டும் சிக்கல் என்று நான் சொல்வது வெறும் சொல்லலங்காரம் அல்ல. அக்காலத்துக் கேமராக்களில், ஃபிலிம் ஓடிக்கொண்டிருக்கும்போது லென்ஸ் என்ன பார்க்கிறது என்பதை ஒளிப்பதிவாளரால் பார்க்க முடியாது. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற மிட்செல் கேமராவில், டேக்குக்கு முன்பு கேமராவின் உடற்பகுதியை ஒரு பக்கமாக நகர்த்தி, லென்ஸின் பின்னால் கண்ணை வைத்து ஃபிரேமையும் ஃபோகஸையும் சரிபார்த்துவிட்டு, மறுபடியும் பழைய இடத்துக்கே நகர்த்தி, அதன் பிறகே ஃபிலிமை ஓட்ட வேண்டும். ஓடும்போது பார்ப்பதற்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு வியூஃபைண்டர் உண்டு. அது லென்ஸிலிருந்து சில அங்குலம் தள்ளி இருப்பதால், அது காட்டும் காட்சியும் ஃபிலிமில் பதியும் காட்சியும் ஒன்றாக இரா. நடிகர் கேமராவை நெருங்க நெருங்க அந்த வேறுபாடு கூடிக்கொண்டே போகும். ஃபோகஸ் தவறியதா என்பது மறுநாள் ஆய்வகத்திலிருந்து பிரிண்ட் வந்த பிறகே தெரியும். பிரெஞ்சு நாட்டு டெப்ரி கேமராவில் ஓடும் ஃபிலிமின் ஊடாகவே பார்க்கும் வழி இருந்தது. ஆனால் அந்த மங்கலில் கண் வலித்ததுதான் மிச்சம். ஃபிலிமின் பின்புறத்தில் ஒளி எதிரொளிக்காதிருக்கக் கருமையான பூச்சு பூசத் தொடங்கியதும் அந்த வழியும் அடைபட்டது.

இதற்கு விடை கண்டவர் எரிஷ் கேஸ்ட்னர். 1932இல் ஆரியில் பொறியாளராகச் சேர்ந்த இவர், நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராக உயர்ந்தவர். எந்தக் கேமராவிலும், ஒரு கட்டம் (அதாவது ஒரு தனிப் படம்) பதிவானதும் அடுத்த கட்டத்துக்காக ஃபிலிம் இழுக்கப்படும் நேரத்தில், ஒளி படாமல் மறைக்க ஷட்டர் என்ற சுழல்தட்டு இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் லென்ஸின் வழியே வரும் ஒளி ஷட்டரின் கறுப்பு முகத்தில் மோதி வீணாகிக்கொண்டிருந்தது. கேஸ்ட்னர் அந்தத் தட்டை 45 பாகை சாய்த்து, அதன் முகத்தைக் கண்ணாடியாக்கினார். ஷட்டர் திறந்திருக்கையில் ஒளி ஃபிலிமுக்குப் போகிறது. மூடியிருக்கையில் அதே ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, கிரவுண்ட் கிளாஸ் என்ற மங்கலான கண்ணாடித் தகட்டில் படமாகி, வியூஃபைண்டர் வழியே ஒளிப்பதிவாளரின் கண்ணுக்கு வருகிறது. வீணாகிக்கொண்டிருந்ததை எடுத்துப் பயன்படுத்தியதைத் தவிர அவர் புதிதாக எதையும் கேமராவுக்குள் திணிக்கவில்லை. இந்த எளிமைதான் அந்த வடிவமைப்பின் பெருமை என்று நான் கருதுகிறேன். 1937ஆம் ஆண்டு லைப்சிக் வணிகக் கண்காட்சியில் ஆரிஃப்ளெக்ஸ் 35 என்ற பெயரில் அந்தக் கேமரா அறிமுகமானது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. இந்தக் கேமராவின் வியூஃபைண்டரில் நாம் பார்ப்பது, ஃபிலிம் பார்க்காத கணங்களை மட்டுமே. ஒளி ஃபிலிமில் விழும்போது கண்ணுக்கு இருட்டு. கண்ணுக்கு ஒளி வரும்போது ஃபிலிமுக்கு இருட்டு. நொடிக்கு 24 கட்டம் என்ற வேகத்தில் மாறி மாறி நடப்பதால் நமக்கு அது லேசான மினுக்கலாக மட்டுமே தோன்றும். துப்பாக்கி சுடும் காட்சியிலோ மின்னலடிக்கும் காட்சியிலோ இதன் பொருள் விளங்கிவிடும். அந்தப் பளிச்சை வியூஃபைண்டரில் கண்ணாரக் கண்டுவிட்டால் அது ஃபிலிமில் பதியாமல் போயிருக்கக்கூடும் என்று பொருள். அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர் உடனே இன்னொரு டேக் கேட்பார். அதேபோல், கண்ணை வியூஃபைண்டரின் ரப்பர் வளையத்திலிருந்து எடுத்துவிட்டால், வெளியொளி பின்வழியாக உள்ளே புகுந்து ஃபிலிமைப் புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும். ஆகவே நெற்றியை அழுத்தினால் மட்டும் திறந்து, எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் கண்மூடியை அதற்கெனச் செய்திருந்தார்கள். திரையில் தெரிவதே பதிவாகிறது என்ற நம்பிக்கையோடு இன்று மானிட்டர் முன் அமர்பவர்களுக்கு, ஒளிப்பதிவாளரின் ஒரு கண்ணை மட்டும் நம்பி ஒரு முழுப் படப்பிடிப்பும் நடந்த காலத்தை விளக்கிச் சொன்னால்தான் புரியும்.

கண்ணாடியோடு இன்னும் இரண்டு ஏற்பாடுகளும் சேர்ந்துகொண்டன. மோட்டாரைக் கேமராவின் அடிப்பகுதியில் செங்குத்தாகப் பொருத்தியதால் அதுவே கைப்பிடியானது. முன்புறத்தில் மூன்று லென்ஸ்களைத் தாங்கும் சுழல்தட்டு இருந்ததால், லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலை இல்லாமல் நொடியில் மாற்ற முடிந்தது. ஓர் ஆள் ஒரு கையில் பிடித்து, ஓடிக்கொண்டே, லென்ஸின் வழியே நேராகப் பார்த்தபடி படமெடுக்கும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் கேமரா இப்படித்தான் பிறந்தது. டிஜிட்டல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தைய கதை இது.

பிறந்த காலத்தின் கறையையும் மறைக்கக் கூடாது. நாஜி ஆட்சியில் உருவான இந்தக் கருவியை, போர் தொடங்கியதும் ஜெர்மானியப் படையின் பிரசாரப் பிரிவுகள்தான் பெருமளவில் பயன்படுத்தின. போர்முனைக் காட்சிகள் என்று இன்று ஆவணப்படங்களில் நாம் காணும் பல துண்டுகள் இந்த வகைக் கேமராவில் எடுக்கப்பட்டவை. 1944இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் ட்யூர்க்கன் தெருக் கட்டடம் நொறுங்கியது. தயாரிப்பு மியூனிக்குக்குத் தெற்கேயுள்ள பிரானன்பர்க்கின் ஒரு மாளிகைக்கு மாறியது. போர் முடிந்த கையோடு, 1946இல் ஆரிஃப்ளெக்ஸ் 35 II வெளிவந்தது. அதற்குள் அமெரிக்கப் படையினர் கைப்பற்றிச் சென்ற கேமராக்கள் அங்குள்ள ஒளிப்பதிவாளர்களின் கைக்குப் போயிருந்தன. 1947இல் டெல்மர் டேவ்ஸ் இயக்கிய டார்க் பாசேஜ் படத்தில், கதாநாயகனின் கண்வழியே உலகைக் காட்டும் நீண்ட பகுதிக்கு இந்தக் கேமராவைத்தான் கையாண்டார்கள். ஹாலிவுட் படமொன்றில் ஆரிஃப்ளெக்ஸ் நுழைந்தது அதுவே முதல் முறை. கதாபாத்திரத்தின் தலை திரும்பும்போது கேமராவும் திரும்ப வேண்டும் என்ற தேவையை அந்தக் காலத்து மிட்செல்லால் நிறைவேற்றியிருக்க முடியாது.

ஆரிஃப்ளெக்ஸ் 35 II வரிசையில் அடுத்தடுத்து வந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் சிறியவை. தொடக்கத்தில் 120 பாகை மட்டுமே திறந்த ஷட்டர், 1950களின் முற்பகுதியில் வந்த IIA மாடலில் 180 பாகையாக விரிந்தது. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நொடியில் 48இல் ஒரு பங்கு ஒளிநேரம் கிடைத்தது. 1964இல் வந்த IIC மாடலில் வியூஃபைண்டரும் லென்ஸ் சுழல்தட்டும் மேம்பட்டன. நம் ஊரில் "டூ-சி" என்று ஒவ்வொரு கேமரா அட்டெண்டரும் உரிமையோடு அழைத்த கேமரா இதுதான். ஆரிஃப்ளெக்ஸ் 35 வகையில் மொத்தம் ஏறத்தாழ 17,000 கேமராக்கள் தயாரிக்கப்பட்டன. முப்பத்தைந்து மில்லிமீட்டர் தொழில்முறைக் கேமராவுக்கு இது வியக்கத்தக்க எண்ணிக்கை. அமெரிக்கத் திரைப்பட அகாதமி 1966ஆம் ஆண்டுக்கான தொழில்நுட்ப விருதை இந்தக் கேமராவுக்காக நிறுவனத்துக்கு அளித்தது. 1982ஆம் ஆண்டுக்கான விருதளிப்பில், சுழல் கண்ணாடி ரெஃப்ளெக்ஸ் கேமராவைக் கருதி உருவாக்கியதற்காக ஆகஸ்ட் ஆர்னால்டையும் எரிஷ் கேஸ்ட்னரையும் பெயர் சொல்லிச் சிறப்பித்தது. ரிக்டர் அதைக் காண இல்லை. அவர் 1972இல் காலமாகியிருந்தார்.

டூ-சியைப் பற்றிப் பேசும்போது அதன் குறையையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனென்றால் அந்தக் குறை நம் படங்களின் ஒலியையே மாற்றியமைத்தது. அந்தக் கேமரா ஓடும்போது தையல் இயந்திரத்தின் இரைச்சல் எழும். இரைச்சலை அடக்கும் பிளிம்ப் என்ற கனத்த கூட்டுக்குள் அதை வைத்தால், தூக்கிக்கொண்டு ஓடும் வசதி போய்விடும். மோட்டாரின் வேகமும் மின்கலத்தின் நிலையைப் பொறுத்து ஏறி இறங்கும் என்பதால், கேமராவிலுள்ள வேகமானியில் 24 நிற்கிறதா என்று உதவியாளர் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஸ்டுடியோ அரங்கை விட்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் தமிழ் சினிமா துணிந்து வெளியேறிய காலத்தில், அந்தச் சுதந்திரத்துக்கு நாம் கொடுத்த விலை, நடிகர் அந்த இடத்தில் பேசிய குரல். படப்பிடிப்பில் பதிவு செய்த பைலட் டிராக் வெறும் வழிகாட்டியாக நின்றுவிட, எல்லா வசனமும் பிறகு டப்பிங் அரங்கில் பேசப்பட்டது. இரவல் குரல் நமக்கு இயல்பாகிப்போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் இந்த இரைச்சலும் ஒன்று என்பதை நம் திரை வரலாற்றை எழுதுபவர்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் குறை.

இந்தக் குறைக்கு ஆரியிடமிருந்தே பதில் வந்தது. 1972இல் அறிமுகமான 35BL, கூடு எதுவுமின்றித் தானே அடங்கி ஓடும், தோளில் சுமக்கத்தக்க கேமரா. அதே ஆண்டு மியூனிக்கில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளைப் படமெடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். பேச்சை அந்த இடத்திலேயே பதிவு செய்யும் வழக்கமுள்ள நாடுகளில் அது பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. டப்பிங் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட நம் ஊரிலோ, விலை குறைந்த, எளிதில் பழுது பார்க்கத்தக்க டூ-சியே நெடுங்காலம் கோலோச்சியது.

பதினாறு மில்லிமீட்டர் கேமராக்களைப் பற்றி இங்கே விரித்தெழுத இடமில்லை. 1952இல் வந்த 16ST தொலைக்காட்சிச் செய்தியாளர்களின் கையில் உலகமெங்கும் போனது என்பதையும், 1975இல் வந்த 16SR ஆவணப்பட இயக்குநர்களின் முதல் தேர்வாக விளங்கியது என்பதையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

முப்பத்தைந்தில் 1979இல் ஆரி III வந்தது. டூ-சியில் இல்லாத பதிவு ஊசி இதில் இருந்தது. ஒவ்வொரு கட்டமும் பதிவாகும் கணத்தில் ஃபிலிமின் துளைக்குள் ஊசி நுழைந்து அதை அசையாமல் பிடிக்கும் என்பதால், ஒரே ஃபிலிமில் இருமுறை பதிவு செய்யும் தந்திரக் காட்சிகளில் நடுக்கம் நீங்கியது. 1990இல் அரங்கப் படப்பிடிப்புக்கான அமைதியான 535, 1990களின் நடுப்பகுதியில் நொடிக்கு 150 கட்டம் வரை ஓடும் 435 ஆகியவை வந்தன. நம் பாடல் காட்சிகளில் கூந்தலும் மழைத்துளியும் காற்றில் மிதந்ததற்கு 435க்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அந்த வேகத்தில் எடுத்த ஒரு நொடி திரையில் ஆறு நொடிக்கும் மேலாக நீளும். ஆனால் சாதாரண வேகத்தில் நாலரை நிமிடம் ஓடும் 400 அடி மேகசின் என்ற ஃபிலிம் பெட்டி, அந்த வேகத்தில் முக்கால் நிமிடத்துக்குள் காலியாகிவிடும். தயாரிப்பு நிர்வாகி ஏன் அப்போது முகம் சுளித்தார் என்பதற்குக் கணக்கு அதிலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆரிகாம் வந்தது. ஃபிலிம் கேமரா எட்டக்கூடிய முழுமையை அது எட்டிவிட்டது என்று அதைக் கையாண்ட மூத்தவர்கள் பலர் கருதுகிறார்கள்.

கட்டுரையாளர் கொண்டாடும் அலெக்ஸா இந்தப் பரம்பரையின் பிள்ளை. 1980களின் தொடக்கத்தில் ஆரி வகுத்த பி.எல். என்ற லென்ஸ் பிடி, லென்ஸின் அமர்வுத் தளத்திலிருந்து ஃபிலிம் வரையிலான தொலைவை 52 மில்லிமீட்டராக வைத்திருந்தது. அது உலகத் தரமாகவே ஆகிவிட்டது. ஆரி 2005இல் D-20 என்ற டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்தபோது, முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபிலிம் கட்டத்தின் அளவிலேயே உணரியை அமைத்து, அதே பி.எல். பிடியைப் பொருத்தியது. எனவே ஒளிப்பதிவாளர்கள் பழகிய லென்ஸ்களைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. இதற்கும் மேலாக, ஷட்டர் தேவையே இல்லாத அந்த டிஜிட்டல் கேமராவுக்குள்ளும் கேஸ்ட்னரின் சுழல் கண்ணாடியையும் கண்ணால் நேரே பார்க்கும் வியூஃபைண்டரையும் வைத்திருந்தார்கள். 2010இல் வந்த அலெக்ஸாவில் மின்னணு வியூஃபைண்டர்தான் என்றாலும், அதே குடும்பத்தில் அடுத்து வந்த அலெக்ஸா ஸ்டூடியோ என்ற மாடலில் கண்ணாடி மீண்டும் இடம்பெற்றது. எழுபது ஆண்டுகளைக் கடந்தும் தன் முதல் எண்ணத்தை விட மனமில்லாத ஒரு நிறுவனத்தை, டிஜிட்டல் யுகத்தின் புதுவரவாக வாசகர்களுக்கு அறிமுகம் செய்வது பொருந்தாது. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே 14 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது) அளவுக்கு விவரம் தாங்கும் அலெக்ஸாவின் ஆற்றலை நானும் மதிக்கிறேன். ஃபிலிம் எப்படி ஒளியை உள்வாங்கும் என்று தொண்ணூறு ஆண்டுகளாக ஃபிலிமைக் கழுவியும், பிரதி எடுத்தும், ஸ்கேன் செய்தும் பழகியவர்களின் அறிவே அந்த ஆற்றலுக்கு அடிப்படை.

2011ஆம் ஆண்டளவில் ஆரி புதிய ஃபிலிம் கேமராக்களைத் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே சென்னையிலும் ஃபிலிம் ஆய்வகங்கள் மூடப்பட்டன. வாடகை நிலையங்களிலிருந்த டூ-சி, ஆரி III கேமராக்கள் அலமாரிக்குள்ளும் பழைய பொருள் வாங்குபவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. சில வரவேற்பறைகளில் அலங்காரப் பொருளாக நிற்கின்றன. நிற்பது தவறில்லை, ஆனால் ஓடாத கேமராவைப் பார்த்து யாராலும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கண்ணாடியின் சாய்வு ஒரு மயிரிழை பிசகினாலும் வியூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிவது ஃபிலிமில் மங்கிவிடும். அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்றும் கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் இருக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து உதிரி பாகம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பல்சக்கரத்தையும் இழுகொக்கியையும் உள்ளூர்ப் பட்டறையில் கடைந்து பொருத்தியவர்கள் அவர்கள். பெரும்பாலோர் முதுமையை எட்டிவிட்டார்கள். அவர்களது கைத்திறன் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதாக நான் அறியவில்லை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, கட்டுரையில் சொல்லப்பட்ட காலவரிசையைத் திருத்தி, ஆரிஃப்ளெக்ஸ் 35 பற்றியும் சுழல் கண்ணாடி பற்றியும் ஒரு சிறு குறிப்பாவது அதே இணைப்பில் வெளியிட வேண்டும். இரண்டாவது, மெக்கானிக்குகளையும் அட்டெண்டர்களையும், டேக்கின்போது ஃபோகஸைச் சரிசெய்யும் ஃபோகஸ் புல்லர்களையும் தங்கள் செய்தியாளர்கள் நேரில் சந்தித்து, எந்தக் கேமராவை எப்படிப் பிரித்தார்கள், எந்தக் கோளாறை எப்படிக் கண்டுபிடித்தார்கள், ஆற்று மணலிலும் கடல் உப்பிலும் அதை எப்படிக் காத்தார்கள் என்று அவர்கள் வாய்மொழியாகவே ஒரு தொடராகப் பதிவு செய்ய வேண்டும். தரமணியிலுள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம், மாணவர்கள் கையில் எடுத்து ஃபிலிம் ஏற்றி ஓட்டிப் பார்க்கும் நிலையில் டூ-சி ஒன்றையாவது இந்த மெக்கானிக்குகளின் மேற்பார்வையில் வைத்திருக்குமானால், அதற்கான உதிரி பாகங்களையும் கையேடுகளையும் தரத் தயாராக என்னைப் போன்ற பலர் இருக்கிறோம். தங்கள் நாளிதழ் முன்வந்து எழுதினால், யார் வீட்டில் எந்த மாடல் எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலை எடுக்கும் வேலையை நாங்களே தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒளிப்பதிவு உதவியாளர்,
சாலிகிராமம், சென்னை.